மாமா ஓடிய ஒத்திகை

மாமாவின் நாரிநோவுக்கு, அந்த இடுப்பு வலிக்கு, எங்கள் வீட்டில் தனி மரியாதை இருந்தது. கதிரையை நகர்த்தச் சொன்னால் நாரியைப் பிடிப்பார், தண்ணீர் வாளியைக் கண்டாலும் நாரியைப் பிடிப்பார். என்னைத் தூக்கச் சொன்னால் கேட்கவே வேண்டாம். அம்மாவின் தம்பி அவர். கடலோரத்தில் இருந்த அவருடைய வீட்டைச் சுனாமி கொண்டுபோன பிறகு, ஓர்ஸ் ஹில் அடிவாரத்தில் எங்களோடுதான் இருந்தார். அண்ணாவும் நானும் நாரியைப் பிடித்துக்கொண்டு அவர் மாதிரி நடந்து காட்டுவோம். மாமா சிரிப்பார். அம்மாதான் முறைப்பார்.

அந்த ஒத்திகை நாள் இப்போதும் எனக்குப் பாதிக் கனவு மாதிரியே இருக்கிறது. பின்னேரம் சுனாமி சைரன் ஊதும், பயப்படாமல் மேட்டுக்கு நடந்து வாருங்கள் என்று ஒலிபெருக்கி கட்டிய முச்சக்கரவண்டி காலையிலேயே சொல்லிப்போனது. மாமா அப்போது சந்தையில். திரும்பி வந்தவரிடம் சொல்ல எல்லோரும் மறந்துபோனோம். அவர் சாப்பிட்டு நல்ல நித்திரை. அம்மா குடையைத் தேடிக்கொண்டிருந்தார், சைரன் ஊதியது.

அடுத்த கணம் நான் அந்தரத்தில் இருந்தேன். மாமா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு ஓடினார். "மாமா, இது சும்மா ஒத்திகை!" என்று காதுக்குள்ளேயே கத்தினேன். அவருக்குக் கேட்கவேயில்லை. அவர் கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது. அவர் நெஞ்சு அடித்த அடி என் வயிற்றில் இடித்தது. "பிடியை விடாதை மகள், விடாதை" என்றார். வழமையில் என்னைப் பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்.

குடை பிடித்து ஆறுதலாக நடந்தவர்கள் எல்லாம் பின்னால் மிதந்துபோனார்கள். மதிலோரம் ஒரு மான் நின்று பார்த்தது. கீழே துறைமுகத்தில் கப்பல்கள் நித்திரை கொண்டன. ஐயோ, என்ன சந்தோஷம் எனக்கு!

மேலே பிஸ்கட் கொடுத்துக்கொண்டு நின்றவர், "என்னண்ணை இவ்வளவு அவசரம்? இது ஒத்திகையல்லோ!" என்றார். மாமா என்னை இறக்கிவிட்டார். வேலியோரம் போய்ச் சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்தார். உள்ளங்காலில் போத்தல் ஓடு வெட்டி இரத்தம் ஓடியது. "இது எப்ப வெட்டினது?" என்று என்னிடமே கேட்டார்.

அன்றைக்கு அவரை ஒரு முச்சக்கரவண்டியில் படுக்கவைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கனநாள் பாயைவிட்டு எழும்ப ஏலாமல் கிடந்தார். "வாளி தூக்க ஏலாதவர் மலையேறினவராம்!" என்று அண்ணா சிரித்தான். நாரிநோ முழுப்பொய் என்று நானும் முடிவுகட்டினேன். பயம் வந்தால் உடம்பு நோவை எங்கேயோ ஒளித்துவைத்து, ஓடி முடிந்த பிறகு மொத்தமாகக் கொடுக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? கடல் வந்த அன்று மதில் விழுந்து நொறுங்கிய நாரி அது. அன்றைக்கும் மாமாவின் தோளில் அவருடைய மகள் இருந்தாள், அவள் பிடிதான் விட்டுப்போனது. இதையெல்லாம் நான் பெரியவளான பிறகுதான் அம்மா சொன்னார்.

அப்போது எனக்கு அந்தச் சவாரி மட்டும்தான் வேண்டியிருந்தது. இன்னுமொருக்கால் சைரன் ஊதவேணும் என்று பின்னேரங்களில் சாமிப்படத்துக்கு முன்னால் நின்று வாய்விட்டே கேட்பேன்.

பாயில் கிடந்தபடி மாமா, "ஓம் பிள்ளை, ஊதினால் நான் தூக்குவன்" என்பார்.