அப்பாவின் வலக்காது

தம்முடைய பழைய காரின் ஆறு சிலிண்டர் இன்ஜினுக்குத் தாமே மேனிஃபோல்டு என்ற காற்றுக்குழாய் செய்து, இரண்டு கார்புரேட்டர் மாட்டியிருந்தார் மெக்கானிக்கான அப்பா. இரண்டும் சமமாகக் காற்றிழுக்கின்றனவா என்று ரப்பர் குழாய் வைத்துக் கேட்பார். முன்னதை இடக்காதில், பின்னதை வலக்காதில். வலக்காது மந்தம். அதனால் பின்னதை அதிகம் திறந்துவிடுவார், இன்ஜின் நொண்டியடிக்கும்.

"காத்தளக்கற கேஜ் வைங்கப்பா" என்பாள் மகள்.

"போடி இன்ஜினியரம்மா! உங்கம்மா திட்டறது மட்டுந்தான் இந்தக் காதுல கேக்காது."

அவர் இறந்த பிறகு மகள் கேஜ் வைத்துச் சரிசெய்தாள். இன்ஜின் பிசிறில்லாமல் ஓடியது.

அம்மா வாசலுக்கு வந்தாள். "யாரு வண்டிடி இது? அவரு வர்றது தெருமுனையிலயே தெரியுமே!"

மகள் பின் கார்புரேட்டரைச் சற்றுத் திறந்தாள். நொண்டல் வந்தது, அப்பாவின் நொண்டல் வரவில்லை.

வலக்காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, குழாயை எடுத்துக் குனிந்தாள்.