ஐந்து மணியா, ஐந்து மணி நேரமா

தோமாஷுக்குச் சீனம் தெரியாது என்று சொன்னால் செங்கோங் துறைமுகத்தில் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். காலையுணவுக் கடையில் கல்லுக்குப் பின்னால் நின்று முட்டை ரொட்டி சுருட்டுகிறவன்; நாற்பது பண்டங்களின் பெயரும் தெரிந்தவன்; படகுக்காரர்களிடம் பொறுக்கிய கெட்ட வார்த்தைகளைச் சரியான இடத்தில் போடுகிறவன். அவனுக்கா தெரியாது? ஆனால் அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதிச் சீனமெல்லாம் அவன் மனைவி யூஷியாவிடம் இருந்தது.

பதினான்கு வருஷத்துக்கு முன் ஸ்லோவேனியாவிலிருந்து முதுகில் ஒரு பையோடு வந்தவன் அவன். தைவானைக் கரையோரமாகவே நடந்து சுற்றிவிடுவது என்று கிளம்பி, பாதி வழியில் கணுக்கால் பிசகி, விடாத மழையில் இந்த ஊரில் மாட்டிக்கொண்டான். நாலு நாளும் யூஷியாவின் கடையே கதி. சுவரில் இருந்த பட்டியலைப் படிக்கத் தெரியாமல் தினம் ஒரு வரியைத் தொட்டுக் காட்டுவான். நாலாம் நாள் அவன் தொட்டது, "திங்கள் விடுமுறை" என்ற வரியை. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு அவனுக்கு மேலே நடக்கத் தோன்றவில்லை.

வங்கி, வரி, தங்கும் அனுமதி அட்டையைப் புதுப்பிப்பது, எங்கே போனாலும் அவள் பேசுவாள். அவன் பக்கத்தில் நின்று தலையாட்டுவான். ஒரு தடவை எழுத்துப் பழக என்று நோட்டுப் புத்தகம் வாங்கி வந்தான். அவள் அதைப் பிடுங்கி, பொட்டலம் கட்டும் காகிதங்களோடு போட்டுவிட்டாள்.

"உனக்கு எதுக்கு இந்த வயசுல படிப்பு? நான் என்ன செத்தா போய்ட்டேன்?"

அவனுக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

ஏப்ரல் மாதத்தில் ஒரு புதன்கிழமை. ஐந்து மணிக்குக் கதவைத் தூக்கினார்கள். முதல் ஆளாகப் படகோட்டி ஹைஷெங் வந்து உட்கார்ந்தார்.

"ஏ மூக்கா, இன்னைக்காவது முட்டையக் கருக்காம குடுடா. யூஷியா, எனக்கு வழக்கமானதும்மா."

வெள்ளைக்காரர்களை அந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவன் பதிலுக்கு ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அவள் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தான். சோயாப் பாலை அவள் கோப்பைக்கு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். வாயின் வலப்பக்கம் கீழே இறங்கியிருந்தது. பிறகு அப்படியே மேசையோரம் சரிந்து உட்கார்ந்தாள்.

அவசர எண்ணை அழுத்தினான். "என் பொண்டாட்டி… வாய்… வாய் கெட்டுப்போச்சு."

"என்ன சார்? பல் வலியா? விலாசம் சொல்லுங்க."

விலாசத்தை அவன் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. "கோயில் பக்கம்… ரொட்டி…" என்றான். ஹைஷெங் கைப்பேசியைப் பிடுங்கி மூன்று வாக்கியத்தில் முடித்தார்.

தைதுங் மருத்துவமனையை வண்டி அடைந்தபோது ஆறரை. ஓர் இளம் டாக்டர் படுக்கையோடு கூடவே ஓடிவந்தபடி கேட்டார்: "எப்ப ஆரம்பிச்சுது?"

"அஞ்சு மணி நேரம்."

"அஞ்சு மணி நேரமா? நிச்சயமா தெரியுமா?"

"ஆமா, ஆமா! அஞ்சு மணி நேரம்!" வேகமாகத் தலையாட்டினால் அவர்களும் வேகமாகப் பார்ப்பார்கள் என்று நினைத்து, பலமாகத் தலையாட்டினான்.

டாக்டரின் நடை கொஞ்சம் தளர்ந்தது. அவளை ஒரு கதவுக்குள் கொண்டுபோனார்கள். அவனை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து நாலு தாள்களைக் கொடுத்தார்கள். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான். எதற்குப் போட்டோம் என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

யூஷியாவின் தம்பி குவோஜுன் அதே நகரத்தில் ஸ்கூட்டர் பழுது பார்க்கிறவன். ஹைஷெங் சொல்லி, ஏழேகாலுக்கு வந்து சேர்ந்தான். நேரே டாக்டரிடம் பேசிவிட்டு இவனிடம் வந்தான்.

"ரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்து இனிமே குடுக்க முடியாதாம், நேரம் தாண்டிருச்சாம். ராத்திரியே இப்படி ஆச்சுன்னா ஏன் அத்தான் உடனே கூப்பிடல?"

"ராத்திரி இல்ல! காலைல. கடை திறந்து. ஹைஷெங் உட்கார்ந்து."

"அஞ்சு மணிக்கா?"

"அதான் சொன்னேன்! அஞ்சு மணி நேரம்!"

குவோஜுன் அவனையே பார்த்தான். "அத்தான்… அஞ்சு மணிக்குன்னா வேற. அஞ்சு மணி நேரம்னா வேற." சொல்லி முடிக்குமுன் உள்ளே ஓடினான்.

மருந்து ஏறும்போது ஏழரை. ஒரு மணி நேரம் போயிருந்தது.

மூன்றாம் நாள் தோமாஷ் மச்சினனை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனான். அந்த ஒரு மணி நேரத்தால் என்ன ஆயிற்று என்று கேட்கச் சொன்னான். டாக்டர் கைகளை விரித்து, படத்தைக் காட்டி, நெடுநேரம் பேசினார். குவோஜுன் கேட்டுவிட்டு இவன் பக்கம் திரும்பினான்.

"தெரியாதுங்கறாரு."

"அவ்வளவு நேரம் பேசினாரு?"

"எல்லாம் அதான் அத்தான். தெரியாதாம்."

யூஷியா பிழைத்தாள். வலது கை வலுவிழந்தது. பேச்சு போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு வரி: இருபது வருஷமாக ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் கேட்டு வந்த, "காரம் வேணுமா?" தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான். ஊசிக்கு வலித்தாலும் அதுதான். பக்கத்துக் கட்டில்காரி முதல் தடவை சிரித்தாள். இரண்டாம் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தான் சொல்வது அதுவல்ல என்று யூஷியாவுக்குத் தெரியும். சொன்னதும் இடது கையால் தன் வாயில் அடித்துக்கொள்வாள். தோமாஷ் அந்தக் கையைப் பிடித்துக்கொள்வான். வேறெதுவும் செய்யத் தெரியவில்லை.

பேச்சுப் பயிற்சி தந்த பெங் என்ற பெண் படங்களைக் காட்டுவாள்: குடை, செருப்பு, மீன். யூஷியாவுக்கு வார்த்தை வராது. பக்கத்தில் இருப்பவர் எடுத்துக் கொடுக்கலாம் என்று பெங் சொன்னாள். தோமாஷ் எடுத்துக் கொடுத்தான்.

பெங் தயங்கினாள். "சார், தப்பா நினைக்காதீங்க. உங்க உச்சரிப்பு… அவங்களுக்கு அதுவே பதிஞ்சிடும். நீங்க சும்மா உட்காந்திருந்தா போதும்."

சும்மா உட்கார்ந்திருந்தான்.

வீட்டில் தபால்பெட்டி நிரம்பியது. எது விளம்பரம், எது அரசாங்கத்துடையது என்று தெரியாமல், எல்லாவற்றையும் பையில் போட்டு ஹைஷெங்கிடம் கொண்டுபோவான். அவருக்கும் கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாது. கண்ணாடியோ படகில் இருக்கும்.

ஜூனில் குடும்பம் கூடியது. குவோஜுன், அவன் மனைவி, யூஷியாவின் அக்கா. அவர்கள் வேகமாகப் பேசினார்கள். அவனுக்கு "மாடிப்படி", "பயிற்சி", "பாவம்" என்று அங்கங்கே ஒரு வார்த்தை பிடிபட்டது. கடைசியில் குவோஜுன் குழந்தைக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"அக்கா எங்க வீட்டுல இருக்கட்டும். பயிற்சிக்குப் பக்கம். நீங்க கடையைப் பாருங்க. லீவு நாள்ல வாங்க. உங்களை யாரும் ஒதுக்கல அத்தான்."

அவர்கள் சொன்னது நியாயம்தான். செங்கோங்கிலிருந்து மருத்துவமனைக்குப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம். அவனும் யூஷியாவும் குடியிருந்தது செங்குத்தான படிகள் வைத்த மாடியில். மறுத்துச் சொல்ல அவனிடம் ஆயிரம் இருந்தது. ஸ்லோவேனிய மொழியில் எல்லாம் வரிசையாக நின்றன. வாயைத் திறந்தபோது வந்தது இரண்டே வார்த்தை.

"நான் புருஷன்."

"யாரு இல்லேன்னா?" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

யூஷியாவையே கேட்போம் என்று, கடையின் படத்தையும் தம்பி வீட்டின் படத்தையும் கைப்பேசியில் காட்டினான். யூஷியா இரண்டையும் உற்றுப் பார்த்தாள். பிறகு கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அறையில் இருந்த ஒருவருக்கும் விளங்கவில்லை.

அவள் தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் கடையைத் திறந்தான். வாடிக்கையாளர்கள் தாங்களே தாளில் குறித்துக் கொடுத்தார்கள். யாரும் கேலி செய்யவில்லை. ஹைஷெங்கூட அவனை இப்போது பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

ஒரு திங்கட்கிழமை, குவோஜுன் வீட்டு வாசலில் அவளோடு தனியாக இருந்தபோது, அந்த ஐந்து மணி நேரத்தைப் பற்றி அவளிடம் சொன்னான். சீனத்தில் தொடங்கி, பாதியில் சிக்கி, தன் மொழிக்குப் போய் முழுவதையும் சொல்லி முடித்தான். அந்த மொழியில் அவளுக்கு "குளிர்", "உருளைக்கிழங்கு" போல ஏழெட்டு வார்த்தைதான் தெரியும். அவன் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்த்தாள்.

அக்டோபருக்குள் அவளுக்குப் பதினொரு வார்த்தைகள் திரும்பின. மீன், தம்பி, வேண்டாம், மழை… குவோஜுனின் மனைவி அவற்றைக் குளிர்பதனப் பெட்டிமேல் எழுதி ஒட்டியிருக்கிறாள். அவன் அந்தத் தாளை எழுத்தெழுத்தாகத் தடவிப் பார்த்தான். தன் பெயரை எப்படி எழுதுவார்கள் என்று அவனுக்குத் தெரியும், கடைப்பலகையில் இருக்கிறது. அந்தத் தாளில் அது இல்லை.

"வரும் அத்தான்," என்றான் குவோஜுன். "வெளிநாட்டுப் பேரு, கஷ்டம்ல."

நாலரைக்குப் பேருந்து. அவள் வாசல்வரை நடந்து வந்தாள். அங்கே மாட்டியிருந்த குடையை எடுத்து நீட்டி, "மழை," என்றாள். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவன் குடையை வாங்கிக்கொண்டு புறப்பட்டான்.