இஸ்ஸாவின் கோழிகளும் ஜீலாலியின் குஞ்சுகளும்

இஸ்ஸா கோழிகளோடு கொஞ்சிப் பேசி நான் பார்த்ததில்லை. அவள் வேலை பார்த்த விடுதியில்தான் பதினாறு குளிர்காலம் நானும் தங்கினேன். மலைமேல் ஸாத் கணவாயில் பனி விழத் தொடங்கியதும் சாலைத்துறை என்னையும் என் பனி தள்ளும் வண்டியையும் அங்கே அனுப்பிவிடும். மார்ச் கடைசி வரை பாஸ்ஸுவின் விடுதியில் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் சின்ன அறை எனக்கு. அதன் ஜன்னல் கோழிக்கூட்டைப் பார்த்து இருந்தது. அதனால் அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் முக்கால்வாசி அந்த ஜன்னல் வழியாகப் பார்த்ததுதான்.

கூடாரத்தில் பிறந்தவள். ஆட்டுக்காரக் குடும்பம். பதினேழு வயதில் மிதெல்த் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். ஆறு வருஷமாகியும் பிள்ளை இல்லை என்று புருஷன் திருப்பி அனுப்பிவிட்டான். அவன் அடுத்துக் கட்டியவளுக்கும் பிள்ளை பிறக்கவில்லை என்பதை மற்றவர்கள் சொல்வார்கள், இஸ்ஸா சொல்ல மாட்டாள். அண்ணன் கூடாரத்தில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு, ரொட்டி சுடும் வேலைக்கென்று பாஸ்ஸுவிடம் வந்தாள். வரும்போது மூன்று கோழிகளைக் காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தாளாம். நான் முதல் முறை போனபோது அவளுக்கு முப்பது வயதிருக்கும். அறுபது கோழி, நாலு வான்கோழி, ரெண்டு பசு, பதினைந்து வெள்ளாடு, ஒரு கோவேறு கழுதை என்று எல்லாம் அவள் பொறுப்பில் இருந்தன.

குளிர்காலத்தில் அவளுக்கு ஓயாத வேலை. ரொட்டி அடுப்பின் பின்சுவரும் கோழிக்கூட்டின் சுவரும் ஒன்றே. அந்தச் சூட்டை நம்பித்தான் கூடு. தண்ணீர் ஒரு மணி நேரத்தில் உறைந்துவிடும் என்பதால் சுடுதண்ணீர்க் கெட்டிலோடு நடந்துகொண்டே இருப்பாள். சேவல்களின் கொண்டை குளிரில் கறுத்து உதிர்ந்துவிடாமலிருக்க ஒவ்வொன்றையும் கக்கத்தில் இடுக்கி ஆட்டுக்கொழுப்பு தடவுவாள். தவிட்டை வெந்நீரில் பிசைந்து மிளகாய்த்தூள் போட்டுக் கொடுப்பாள். பனியில் நின்றுபோன பஸ்காரர்கள் முட்டை கேட்டால் கிடைக்கும். கோழி கேட்டால் பாஸ்ஸு கத்தியை எடுத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்ப்பான். அவள் கை காட்டுகிற கோழிதான் அறுபடும். முட்டையிடுகிற ஒன்றைக்கூட அவள் காட்டியதில்லை. ஒரு தடவை மாவட்ட அதிகாரி ஒருவர் வந்து குறிப்பாக ஒரு சிவப்புப் பெட்டையைக் கேட்டபோது, "அதுக்குச் சொறி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதிகாரி அன்றைக்குப் பருப்பு சாப்பிட்டார்.

நான் சொல்ல வந்தது என்னுடைய பத்தாவது குளிர்காலத்தில் நடந்தது.

ஜனவரி பாதியில் ஒரு நாள் மதியம் காற்றோடு பனி அடித்தது. கணவாயின் தடுப்புக் கம்பியை இறக்கிவிட்டார்கள். விடுதி முற்றத்தில் தெற்கே போகும் பஸ் ஒன்றும் மெக்னஸிலிருந்து வந்த வேன் ஒன்றும் மாட்டிக்கொண்டன. பஸ்ஸில் பதினான்கு பேர். வேனில் ஜீலாலி என்ற டிரைவர், முப்பது அட்டைப்பெட்டி, பெட்டிக்கு நூறு கோழிக்குஞ்சு. முந்தின நாள்தான் இயந்திரத்தில் பொரித்தவை. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணைக்குப் போக வேண்டியவை.

மறுநாள் காலை நான் சாலையைத் திறக்கப் போனேன். இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் வண்டியின் எண்ணெய்க் குழாய் வெடித்துவிட்டது. புதுக் குழாய் கீழே அஸ்ரூ ஊரிலிருந்து வர வேண்டும். அஸ்ரூவுக்கும் எனக்கும் நடுவிலும் பனிதான். நடந்தே திரும்பி வந்தேன். துணி வியாபாரி ஒருவர் பஸ்ஸில் வந்திருந்தார், குண்டான ஆள். என்னைப் பார்த்ததும், "வாங்க மகராசா, ரோட்டை எங்க வச்சிட்டு வந்தீங்க?" என்றார். எட்டு நாளும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்.

ஜீலாலி குஞ்சுகளுக்குச் சூடு வேண்டும் என்று வேன் இன்ஜினை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருந்தான். மத்தியானம் டீசல் தீர்ந்தது. அவன் சமையல் அறைக்கு வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"பாஸ்ஸு அண்ணே, உள்ள கொண்டாந்து வைக்கலாமா? கொஞ்ச நேரம்."

"எத்தனை பெட்டி?"

"முப்பது."

"இது விடுதிப்பா. மனுஷங்களுக்கே இடமில்ல."

இஸ்ஸா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையைத் துடைக்காமலே வெளியே போனாள். நானும் பின்னாலேயே போனேன். வேனின் பின்கதவைத் திறந்து ஒரு பெட்டியின் மூடியைத் தூக்கினாள். மஞ்சள் மஞ்சளாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கிக்கொண்டிருந்தன. மாவுக் கையை உள்ளே விட்டுப் பார்த்தாள்.

"இதுங்க அம்மா எங்க?"

"அம்மா ஏது லல்லா?" என்றான், அக்கா என்பதுபோல மரியாதையாக. "மெஷின்ல பொரிச்சது."

"அது தெரியும். முட்டை போட்ட கோழி எங்கன்னு கேக்கறேன்."

"அது எங்கயோ இருக்கும். நான் டிரைவர்."

மூடியை மூடினாள். "கூடத்துக்குத் தூக்கிட்டு வா," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீயுந்தான். உனக்கு வேற என்ன வேலை?" என்றாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் ரெண்டு இரும்பு அடுப்புகள் இருந்தன. மேசைகளைச் சாய்த்து வட்டமாக வேலி கட்டினாள். தரையில் வைக்கோல் பரப்பினாள். கம்பளிகளைக் கயிற்றில் தொங்கவிட்டு அடுப்பைச் சுற்றிக் கூடாரம்போல ஆக்கினாள். கூடாரம் போடத் தெரிந்தவள்தானே. பாஸ்ஸு வாசலில் நின்று கத்திப் பார்த்தான். அவள் அடுத்த கம்பளியை விரித்தாள். கத்தி முடித்ததும் அவனே போய் தேவதாரு விறகு கொண்டுவந்து போட்டான்.

குஞ்சுகளுக்குத் தண்ணீர் குடிக்கத் தெரியவில்லை. தாய்க்கோழி இருந்தால் அது குடிக்கிறதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். இவற்றின் மூக்கை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் தொட்டுக் காட்ட வேண்டும் என்றாள் இஸ்ஸா. மூவாயிரத்தையும். பஸ் பயணிகள் எல்லாரையும் தரையில் உட்கார வைத்தாள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சூப்புக் கிண்ணம். எடு, மூக்கை நனை, அந்தப் பக்கம் விடு. துணி வியாபாரி முதலில் மறுத்தார்.

"நான் டிக்கெட் வாங்கி வந்தவன்மா."

"ராத்திரி கஞ்சி குடிக்கறீங்கல்ல?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"கிண்ணமெல்லாம் இங்க இருக்கு. இது முடிஞ்சாத்தான் கிண்ணம் காலியாகும்."

அவர் உட்கார்ந்தார். மாலைக்குள் அவர்தான் எல்லாரையும்விட வேகமாக நனைத்தார். கைக்கு ஒன்றாக ரெண்டு ரெண்டாக எடுத்தார். பக்கத்தில் இருந்தவர் மெதுவாகச் செய்வதாகச் சண்டையும் போட்டார்.

தீனிக்கு அவளிடம் இருந்தது குஸ்குஸ் மூட்டை, கோதுமை ரவையை உருட்டிச் செய்தது. வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்கு வைத்திருந்தது. அதோடு தன் கோழிகளின் முட்டையை அவித்து மஞ்சள் கருவை உதிர்த்துக் கலந்து தூவினாள். அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் பார்லி ரொட்டியும் மோரும் சாப்பிட்டோம். குஞ்சுகள் குஸ்குஸ் சாப்பிட்டன.

குளிர்ந்தால் குஞ்சுகள் ஒரே மூலையில் குவிந்து அடியில் இருப்பதை நசுக்கிவிடும். அதனால் முறைவைத்து யாராவது ஒருவர் கையால் கலைத்துவிட்டுக்கொண்டே இருந்தோம். அப்படியும் முதல் ரெண்டு நாளில் முந்நூறு போல செத்துப்போயின. இஸ்ஸா அவற்றை முறத்தில் அள்ளி நாய்களுக்குப் போட்டாள். அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. வான்கோழி ரெண்டின் அடியில் இருபது இருபதாகத் தள்ளிவிட்டுப் பார்த்தாள். ஒன்று ஏற்றுக்கொண்டது. இன்னொன்று அவள் கையைக் கொத்திக் கிழித்தது. சாம்பலை வைத்துக் கட்டிக்கொண்டு அந்த இருபதையும் திரும்ப எடுத்து வந்தாள்.

ஐந்தாம் நாள் டெலிபோன் மறுபடி வேலை செய்தது. ஜீலாலி அவன் கம்பெனியோடு பேசினான். பேசிவிட்டு வந்து அடுப்பருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"என்னவாம்?" என்றான் பாஸ்ஸு.

"எல்லாம் செத்துப்போச்சுன்னு இன்சூரன்ஸுக்கு எழுதிக் கொடுத்துட்டாங்களாம். பண்ணைக்காரன் வேற எடத்துல வாங்கிட்டான். உசுரோட கொண்டாந்தா சிக்கல்ங்கறாங்க. பெட்டிய மட்டும் கொண்டாரச் சொல்றாங்க."

"குஞ்சு?"

"பனியில கொட்டிட்டு வரச் சொல்றாங்க."

துணி வியாபாரி கையில் கிண்ணத்தோடு, "கொட்டுவானா? எவன்டா அவன்? நம்பரக் குடு, நான் பேசறேன்," என்று எழுந்தார்.

"இன்னொண்ணு," என்றான் ஜீலாலி. என்னைப் பார்த்தான். "கவர்மெண்ட் ஆளு ஒருத்தர் கையெழுத்து வேணுமாம். குளிர்ல எல்லாம் செத்துச்சுன்னு. இல்லன்னா என் வேலை போயிரும் மீமூன் அண்ணே. மூணு பிள்ளை எனக்கு."

அன்றைக்கு அங்கே அரசாங்க ஆள் என்றால் நான் ஒருவன்தான். பனி தள்ளுகிறவன் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று சொல்லிப் பார்த்தேன். துறையின் முத்திரை என் பையில் இருந்தது அவனுக்குத் தெரியும். தினமும் சாலைக் குறிப்பேட்டில் குத்துவதைப் பார்த்திருக்கிறான். தானே எழுதி வைத்திருந்த காகிதத்தை மேசைமேல் வைத்தான். நான் பேனாவை எடுக்கவில்லை. இஸ்ஸாவுக்கு எழுத்து தெரியாது. அவள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன எழுதியிருக்கு?"

"மூவாயிரம் குஞ்சும் குளிர்ல செத்துப்போச்சுன்னு."

"எல்லாமா?"

"எல்லாம்."

குஞ்சுகளின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அப்ப இதுங்களுக்கு இனிமே சொந்தக்காரன் கிடையாது. இல்லயா?"

"காகிதப்படி கிடையாது."

"போட்டுக் குடு," என்றாள்.

போட்டுக் கொடுத்தேன். பொய் என்று தெரிந்தே என் வேலையில் நான் முத்திரை குத்தியது அந்த ஒன்றுதான். யாரும் பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை. நல்ல காரியம் செய்தேன் என்றும் சொல்ல மாட்டேன்.

எட்டாம் நாள் புதுக் குழாய் வந்தது, சாலை திறந்தது. இஸ்ஸா பஸ் பயணிகள் ஒவ்வொருவர் மடியிலும் குஞ்சுகளோடு ஒரு பெட்டியை வைத்தாள். அதனால் ஜீலாலிக்கு முப்பதுக்குப் பதில் பதினாறு பெட்டிதான் திரும்பக் கிடைத்தது. துணி வியாபாரி ரெண்டு கேட்டார், ஒன்றுதான் கொடுத்தாள். மறுநாளே செய்தி பரவி, மேலேயும் கீழேயும் இருந்த ஊர்ப் பெண்கள் கூடையோடு பனியில் நடந்து வந்தார்கள். ஆளுக்கு இருபது, முப்பது. கடைசியில் இருநூறு மிஞ்சியது. அதை அவளே வைத்துக்கொண்டு தொழுவத்துப் பக்கத்து வைக்கோல் அறைக்கு மாற்றினாள்.

அதற்குப் பிறகுதான் அவளுக்குக் குழப்பம் வந்தது. அந்தக் குஞ்சுகள் தின்றன, தின்றன, தின்றன. நாலு வாரத்தில் அவளுடைய ஆறு மாதக் கோழி அளவு வந்துவிட்டன. ஆனால் கிளறவில்லை. கம்பில் ஏறவில்லை. நாய் பக்கத்தில் வந்தாலும் எழுந்து ஓடவில்லை. ஐந்தாம் வாரம் பல கோழிகள் காலை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. தன் தீனியில்தான் ஏதோ குறை என்று நினைத்தாள். தினமும் காலையில் அவற்றைக் கோழிக்கூட்டு வாசலுக்குத் தூக்கி வந்து ஒவ்வொன்றின் காலுக்கும் ஆலிவ் எண்ணெய் சூடாக்கித் தேய்த்தாள். ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உதடு அசைவதை அப்போதுதான் பார்த்தேன். திட்டினாளா, வேறு ஏதாவது சொன்னாளா என்று தெரியாது.

பிப்ரவரிக் கடைசியில் ஜீலாலி வேனோடு வந்தான். நன்றிக்கு ஒரு மூட்டை தீவனம் இறக்கினான். அவள் அவனை வைக்கோல் அறைக்குக் கூட்டிப்போனாள்.

"இதப் பாரு. நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

அவன் பார்த்தான். "நீங்க ஒண்ணும் பண்ணல லல்லா. இதுங்க சாதியே இப்படித்தான். நாப்பத்தஞ்சு நாளைக்குன்னே வளக்கற கறிக்கோழி. அதுக்கு மேல உடம்ப கால் தாங்காது. நாளாச்சு, அறுத்துருங்க."

அவள் கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"இத நீ அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா எடுத்திருக்க மாட்டீங்களா?"

"எடுத்திருப்பேன்," என்றாள். "கால்ல எண்ணெய் தேய்ச்சிருக்க மாட்டேன்."

அடுத்த பத்து நாள் பாஸ்ஸுவின் விடுதியில் தினமும் கோழிக் குழம்பு. லாரிக்காரர்கள் கேள்விப்பட்டுத் தேடி வந்தார்கள். இப்படிக் கறி சாப்பிட்டதில்லை என்றார்கள், வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்றார்கள். அவளே ஒவ்வொன்றாகத் தூக்கி பாஸ்ஸு கையில் கொடுத்தாள். ஒரு துண்டும் அவள் சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்டேன். "பல்லுக்கு வேலை இல்லாத கறி," என்றாள்.

பாஸ்ஸுவுக்கு ஆசை வந்துவிட்டது. அடுத்த கோடையில் பின்பக்கம் தகரக் கொட்டகை போட்டான். ஜீலாலியின் கம்பெனியிலிருந்தே ஐந்நூறு குஞ்சு வரவழைத்தான். இஸ்ஸா அந்தக் கொட்டகைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. "என் கோழிக்கும் எனக்கும் நேரம் சரியா இருக்கு," என்று சொல்லிவிட்டாள். அவன் வேறொரு ஆளைப் போட்டான். ரெண்டு பேரும் அந்த வருஷம் முழுக்க அவசியத்துக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். ரெண்டாவது குளிர்காலத்தில் பனியின் கனம் தாங்காமல் தகரம் உள்ளே விழுந்தது. விழுந்த தகரத்தை எடுத்துப் போட வந்தவர்களுக்கு இஸ்ஸா டீ போட்டுக் கொடுத்தாள்.

எனக்கு ஓய்வு கிடைத்த பிறகும் ஏழெட்டு வருஷம் அவள் அங்கே இருந்தாள். பாஸ்ஸு இறந்ததும் மகன்கள் விடுதியைப் பெட்ரோல் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். முழங்கால் வலியோடு இஸ்ஸா திமஹ்தீத் ஊரில் அண்ணன் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். போன இலையுதிர்காலத்தில் எங்கள் வழக்கப்படி சர்க்கரைக் கூம்பு ஒன்றை வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். மூன்றாவது மாடி, முற்றமில்லாத வீடு. வெயில் விழும் இடத்தில் ஆட்டுத்தோல் விரித்து உட்கார்ந்திருந்தாள். விலங்குகள் இல்லாமல் கஷ்டமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஏழு மணி வரைக்கும் தூங்கறேன் மீமூன்," என்றாள். "என் வாழ்க்கையில ஏழு மணி எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. நல்லாத்தான் இருக்கு."

அண்ணன் மகள் டீயும் கடையில் வாங்கிய பிஸ்கட்டும் கொண்டுவந்தாள். ரெண்டையும் நாங்கள் முடித்தோம்.