பீமன் குதிகால்

நகரிக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது அந்த ஊர். வருஷா வருஷம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும். கடைசி நாள் காலையில் படுகளம். கோயில் வெளியில் மண்ணைக் குவித்துத் துரியோதனனை மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். அந்த மண் உடம்பைச் சுற்றித் துரியோதன வேஷக்காரன் ஓடுவான், பீமன் விரட்டுவான். ஓடிக் களைத்த பிறகு பீமன் கதாயுதத்தை ஒற்றைக் கையால் தலைக்கு மேலே தூக்கி நிறுத்தி, மண் தொடையில் ஒரு போடு போடுவான். அந்தத் தூக்கி நிறுத்துவதைப் பார்க்கத்தான் ஜனம் வரும். அடிப்பதை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம்.

பீமன் வேஷம் நிலம் வைத்திருந்த மேலத்தெரு வீட்டுக்கு உரியது. அந்த வீட்டுப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் படித்துப் பெங்களூருக்குப் போனார்கள். ஒரு வருஷம் லீவு கிடைக்கவில்லை, மறுவருஷம் அமெரிக்காவில் இருந்தார்கள். கதாயுதம் கோயில் மூலையில் ஒட்டடை பிடித்துக் கிடந்தது. கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு கீழத்தெருவுக்குள் வந்து, செங்கல்வராயன் வீட்டு வாசலில் நின்றார்கள்.

செங்கல்வராயனின் அப்பனுக்குச் சொந்தமாக ஒரு வரப்புக்கூடக் கிடையாது. இவன் நகரியில் பவர்லூம் ஓட்டினான். சத்தியவேட்டுப் பக்கம் கம்பெனிகள் வந்ததும் அங்கே லோடு ஏற்றப் போனான். நல்ல ஆகிருதி. முதல் வருஷம் அவன் கதாயுதத்தைத் தூக்கி நிறுத்தியபோது கீழத்தெருவே எழுந்து நின்று விசிலடித்தது. அந்தத் தெருவிலிருந்து ஒரு பீமன் வந்தது அதுதான் முதல் தடவை.

சில வருஷம் நன்றாகவே போயிற்று. பிறகு ஒரு நாள் கம்பெனியில் அடுக்கிய பெட்டி சரிந்தது. அதைப் பிடிக்கப் போய் வலது தோளில் வெடுக்கென்றது.

அந்தப் பக்கத்தில் உடம்பில் எது வெடுக்கென்றாலும் புத்தூர் பஸ்தான். அங்கே எலும்பு முறிவுக்குக் கட்டு கட்டுகிற வைத்தியர் தோளைத் தடவிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார்.

"எலும்பு நல்லா கீது. கட்டு வேணாம், போய்யா."

செங்கல்வராயனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. புத்தூருக்குப் போய்க் கட்டு இல்லாமல் திரும்பினால் அவனுக்கு வலி இருக்கிறது என்று எவன் நம்புவான்? வழியிலேயே துணி வாங்கினான், முட்டை வாங்கினான், உளுந்து மாவு வாங்கினான். வீட்டுக்கு வந்து மச்சான் முனிரத்தினத்தைக் கூப்பிட்டு, தோளிலிருந்து முழங்கை வரை மூங்கில் தப்பை வைத்துச் சுற்றச் சொன்னான். முனிரத்தினம் அவன் பெண்டாட்டி மணியம்மாவின் தம்பி. படுகளத்தில் துரியோதனனும் அவன்தான்.

கட்டுக்கு நல்ல மரியாதை கிடைத்தது. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். மணியம்மா ஆட்டுக்கால் சூப் வைத்தாள். மரியாதை கிடைக்கிற வரைக்கும் அவிழ்ப்பானேன்? பொங்கல் போய்ச் சிவராத்திரியும் போயிற்று. அவிழ்த்துப் பார்த்தால் கை சட்டை மாட்டுகிற அளவுக்குக்கூட மேலே வரவில்லை. தோள் துருப்பிடித்த கீல் மாதிரி இறுகியிருந்தது.

பெரியவர்கள் பெங்களூருக்குப் போன் போட்டார்கள். மேலத்தெரு வீட்டுப் பிள்ளை பவன்குமார் இந்த வருஷம் லீவு போட்டுவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டானாம். செங்கல்வராயனுக்குச் சோறு இறங்கவில்லை. கதாயுதம் ஒரு தடவை மேலத்தெருவுக்குத் திரும்பிப் போனால் போனதுதான். அது அவனுக்குத் தெரியும்.

முனிரத்தினத்துக்கு வேறு கவலை.

"நீ தூக்காட்டி நான் எப்டி மாமா சாவறது? அந்தப் பையனுக்குப் பழக்கம் இல்ல. மண்ணு மேல போட வேண்டியத எம்மேல போட்டுடுவான்."

அவன்தான் மாமனையும் அக்காவையும் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனான். உடற்பயிற்சி கொடுத்துச் சதை நோவைச் சரிசெய்கிற பிரிவில் சந்தியா என்று ஒரு பெண் இருந்தாள். தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிக்கிற பேச்சு.

"அண்ணா, செய்யி பைக்கெத்தண்டி... கையை மேல தூக்குங்க... இவ்ளோதானா? இது எலும்பு இல்ல, ஜவ்வு. கொஞ்சம் கொஞ்சமா அசைச்சிருந்தா இந்நேரம் சரியாயிருக்கும். கட்டிப் போட்டதுலதான் இறுகிடுச்சு. யாரு கட்டினது?"

செங்கல்வராயன் மின்விசிறியைப் பார்த்தான்.

"நான்தான் மேடம்" என்றான் முனிரத்தினம்.

"நீங்க வைத்தியரா?"

"இல்ல மேடம், துரியோதனன்."

விஷயம் புரிந்து சிரித்து முடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு செய்து காட்டினாள். குனிந்து நின்று, கிணற்றில் வாளி ஆடுகிற மாதிரி கையைத் தொங்கவிட்டு ஆட்ட வேண்டும். ஒரு கம்பை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கையால் நோவுக் கையை மேலே தள்ள வேண்டும். சுவருக்கு எதிரே நின்று விரல்களை நண்டு மாதிரி மேலே நடத்த வேண்டும். எட்டின இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டால் முன்னேற்றம் தெரியும்.

"லேசா வலிச்சா பரவாயில்ல, செய்யுங்க. உயிர் போற மாதிரி வலிச்சா நிறுத்திடுங்க. ஒரு நாளும் விடக்கூடாது."

விடவில்லை. காலையிலும் சாயங்காலமும் சுவரில் நண்டு ஊர்ந்தது. அடுப்புக்கரிக் கோடு நிலைப்படி உயரத்தைத் தாண்டி, சாமி படத்தைத் தொட்டது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கோட்டைக் காட்டினான். அடுத்த தடவை திருப்பதிக்குப் போனபோது, "சாமி படம் வரிக்கும் வந்துட்டேன் மேடம்" என்று மார்தட்டினான், இடது கையால்.

சந்தியா அவனை நாற்காலியில் முதுகு ஒட்ட உட்காரவைத்துத் தூக்கச் சொன்னாள். கை தோள் மட்டத்தில் நின்றுவிட்டது.

"இன்னாண்ணா இது? கோடு மட்டும் மேல போயிருக்கு, கை வரலியே?"

மணியம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "எக்கி எக்கி இல்ல மேடம் கோடு போட்டுக்கினு இருந்தாரு! எல்லாரும் செவுத்தப் பாத்தாங்க. நான் அரிசி பொடைச்சிக்கினே குதிங்காலப் பாத்தேன். பூனை மாதிரி தூக்கிக்கினு நிக்கறாரு."

"நீ அப்பவே சொல்றதுக்கு இன்னாடி?"

"சந்தோஷமா இருந்தியே, கெடுப்பானேன்னு உட்டுட்டேன்."

"இனிமே கெடுங்கக்கா" என்றாள் சந்தியா. "காலை எக்கறது, இடுப்பை வளைக்கறது, தோளைக் குறுக்கிக் காதுகிட்ட கொண்டுபோறது எல்லாம் ஏமாத்து. ஜவ்வு அப்படியேதான் இருக்கும்."

அன்றிலிருந்து வீட்டில் ராணுவ ஆட்சி. பழைய கோடுகளை மணியம்மா சுண்ணாம்பு அடித்து அழித்தாள். புதுக் கோடு தோள் மட்டத்தில் ஆரம்பித்தது. அதைப் பார்த்து அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. குதிகால் ஒரு நூல் எழுந்தாலும் அடுப்படியிலிருந்து குரல் வரும்: "குதிங்காலு!" கடைக்குப் போகிறவன் நிமிர்ந்து நடந்தாலும் தெருவில் யாராவது "குதிங்காலு!" என்பார்கள். திட்டிக்கொண்டே செய்தான். ஜன்னல் கம்பியில் சைக்கிள் டியூபைக் கட்டி இழுத்தான். கோடு எறும்பு மாதிரி ஏறியது. ஆனால் இந்தத் தடவை கோட்டோடு கையும் ஏறியது.

கதாயுதம் என்ன கனம் என்று சந்தியா கேட்டதற்கு, அடுத்த முறை அதையே தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டார். ஆஸ்பத்திரிக் காவலாளி உள்ளே விட மறுத்து, பிறகு தானே ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு வழிவிட்டார். சந்தியாவும் தூக்கிப் பார்த்தாள்.

"அம்மாடி! முதல்ல ரெண்டு கையால பழகுங்கண்ணா. அப்புறம் ஒரு கை. அன்னைக்கு நோவு இருந்தா வேணாம், வீம்புக்குத் தூக்காதீங்க."

படுகளத்தன்று பவன்குமார் காரில் வந்து இறங்கினான். வேட்டியும் தலைப்பாகையும் எடுத்து வந்திருந்தான். கெட்ட பையன் இல்லை. "முடியலன்னா சொல்லுண்ணா, நான் இங்கயே நிக்கறேன்" என்றான். மேலத்தெருப் பெரியவர்கள் அவன் பின்னால் நின்றார்கள். கீழத்தெரு எதிர்ப்பக்கம் நின்றது. விசிலடிக்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

முனிரத்தினம் மண் துரியோதனனைச் சுற்றி ஓடினான். மாமனுக்கு மூச்சு வாங்கக் கூடாது என்று வழக்கத்தைவிட மெதுவாகவே ஓடினான். பிறகு தொடைப் பக்கம் விழுந்து கண்ணை மூடிக்கொண்டான்.

செங்கல்வராயன் கதாயுதத்தைப் பிடித்தான். இடுப்பு வரை சுலபமாக வந்தது. தோள் மட்டத்தில் கை நின்றது. மேளக்காரர்கள் அடியைக் குறைத்தார்கள். பவன்குமார் தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். செங்கல்வராயன் வீட்டுச் சுவரை நினைத்துக்கொண்டான். அவசரப்படாமல், கோடு கோடாக, கை காதைத் தாண்டியது. தலையைத் தாண்டியது. கதாயுதம் வானத்தைப் பார்த்து நின்றது.

கீழத்தெரு போட்ட சத்தத்தில் புளியமரத்துக் காக்கைகள் எல்லாம் கிளம்பின. முதலில் கை தட்டியவர்களில் பவன்குமாரும் ஒருவன்.

தூக்கியவன் இறக்க மறந்துவிட்டான். சிரித்துக்கொண்டு அப்படியே நின்றான். கீழேயிருந்து துரியோதனன் ஒற்றைக் கண்ணைத் திறந்தான்.

"மாமா, வெயிலு சுடுது. சீக்கிரம் கொல்லு."

கூட்டம் முழுக்க அண்ணாந்து கதாயுதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மணியம்மா மட்டும் குனிந்து, நாலு பேர் கால்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தாள். புருஷனின் குதிகால் இரண்டும் மண்ணில் நன்றாக அழுந்தியிருந்தன. அதன் பிறகுதான் அவள் நிமிர்ந்து குலவையிட்டாள்.