எங்கள் ஆபீஸில் எடுத்த காமெடி சீரியல்

காலை ஆறே முக்காலுக்கு இரண்டு வேன்களோடு கௌதம் எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து இறங்கினார்; பத்திரிகைத் தொழில் என்று நான் இத்தனை வருஷம் செய்துவந்தது தொழிலே இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது. கௌதம் டி.வி. டைரக்டர். பத்திரிகை ஆபீஸில் நடக்கும் காமெடி சீரியலுக்கு, சென்னையில் செட் போடுவதைவிடப் பெரம்பலூரில் நிஜ ஆபீஸைப் பிடிப்பது சுலபம் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். எங்கள் முதலாளிக்கு டி.வி. என்றால் உயிர். எங்களுடையது இரண்டு மாவட்ட விவசாயிகளுக்கான மாதமிருமுறை இதழ். பத்து நாள் நாங்கள் பின்கட்டில் உட்கார்ந்து இதழை முடித்துக்கொள்ள வேண்டும். முன்ஹாலில் அவர்கள் பத்திரிகை நடத்துவார்கள். இதுதான் ஏற்பாடு.

போலீஸ்காரர்களுக்கும் டாக்டர்களுக்கும் வாத்தியார்களுக்கும் என் வேதனை புரியும். உங்களையெல்லாம் டி.வி. எப்போதோ முடித்துவிட்டது. எங்கள் முறை இப்போதுதான் வந்தது.

சத்தம் போதவில்லை

நாங்கள் எப்படி வேலை செய்கிறோம் என்று பார்க்க வேண்டும் என்றார் கௌதம். பார்த்தார். துணை ஆசிரியர் மங்கையர்க்கரசி ஒரு பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தார். ஆசிரியரான நான் தா.பழூரிலிருந்து வந்திருந்த செய்தியில் பாதியை வெட்டிக்கொண்டிருந்தேன். வடிவமைப்பாளர் கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டிருந்தார். ஃபேன் மட்டும்தான் பேசியது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த கௌதம், என் காதருகே குனிந்தார்.

"சார், நீங்க எப்ப சார் வேலைய ஆரம்பிப்பீங்க?"

என் வேஷம்

சீரியலில் நிருபருக்கு ஜோல்னாப் பை, காதில் பேனா. ஆசிரியருக்குக் கோபம் வந்தால் காகிதங்களை வாரி மேலே எறிவார். ஒரு நாளைக்கு மூன்று முறையாவது வரும். எறிந்ததைப் பொறுக்குவது யார் என்று கதையில் இல்லை. நிஜத்தில் நாங்கள்தான் பொறுக்கினோம்.

என்னைப் பார்த்து எழுதிய பாத்திரம் என்று ஒருவரை அறிமுகம் செய்துவைத்தார்கள். வாய் நிறைய வெற்றிலை, பேச்சுக்குப் பேச்சு எச்சில் தெறிக்கும். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது என்று வசனம் எழுதுகிறவரிடம் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"தெரியும் சார். உங்ககிட்ட அது ஒண்ணுதான் குறை."

விசாரிப்பதில் என்ன இருக்கிறது

எங்கள் இதழைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறவர்கள்தான் அதிகம். அங்கேதான் 'கேளுங்கள், சொல்கிறோம்' பகுதி இருக்கிறது. பயிருக்கு என்ன நோய், என்ன மருந்து, எவ்வளவு. எழுதுவது மங்கையர்க்கரசி. கீழப்பழுவூரில் விவசாயக் குடும்பத்துப் பெண். வேளாண்மை அதிகாரியிடம் கேட்டு, கேள்வி வந்த ஊரில் அதே பயிர் வைத்த ஒருவரிடமும் கேட்டு, இரண்டும் ஒத்துவந்தால்தான் போடுவார். வருஷக்கணக்கில் அந்தப் பகுதி பெயரில்லாமல்தான் வந்தது. முதலாளியோடு மல்லுக்கட்டி, போன வருஷம்தான் தன் பெயரைப் போட வைத்தார். அதற்குப் பிறகு சந்தையில் பார்க்கிறவர்கள்கூட அவரை நிறுத்திப் பயிரைப் பற்றிக் கேட்டார்கள். இந்தத் தொழிலில் அவருக்கென்று இருந்தது அந்த ஒரு வரிதான்.

சீரியலிலும் ஒரு துணை ஆசிரியை உண்டு. அவள் வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டே வாய்க்கு வந்ததைப் பதிலாகச் சொல்வாள். அதைப் பார்த்த மங்கையர்க்கரசி கௌதமிடம் போய், "நாங்க நாலு எடத்துல விசாரிச்சுதாங்க பதில் போடுறோம்" என்றார். கௌதம் மரியாதையாகத்தான் கேட்டார்.

"விசாரிக்கிறதுல என்ன மேடம் காமெடி இருக்கு?"

கையெழுத்துப் போட்ட பக்கம்

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம். படித்து முடித்துக் கையெழுத்துப் போட்ட பக்கத்தை யாரும் மறுபடி திறக்கமாட்டார்கள். திறந்தால் கையெழுத்துப் போட்டவரை நம்பவில்லை என்று அர்த்தம். மங்கையர்க்கரசி தன் பக்கத்தில் செவ்வாய்க்கிழமையே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

புதன்கிழமை, சீரியலின் ஆர்ட் டைரக்டருக்குப் பத்திரிகைப் பக்கம் ஒன்றைக் கேமராவில் கிட்டத்தில் காட்ட வேண்டியிருந்தது. எங்கள் கம்ப்யூட்டரிலேயே மங்கையர்க்கரசியின் பக்கத்தைத் திறந்து, ஒரு பதிலை மட்டும் மாற்றி, அதே பெயரில் சேமித்துவிட்டுப் போய்விட்டார். வியாழக்கிழமை பக்கம் அச்சுக்குப் போனது. சின்ன வெங்காயத்தில் நுனிக்கருகலுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு, 'வெயிலில் நிற்க விடாதீர்கள், குடை பிடியுங்கள்' என்ற பதில், மேலே மங்கையர்க்கரசி பெயரோடு இரண்டு மாவட்டத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

இதழ் வெளியான அன்று வந்த போன்களையெல்லாம் அவரே எடுத்தார். யாரையும் எடுக்கவிடவில்லை. ஒவ்வொருவருக்கும் சரியான மருந்தைச் சொன்னார். ஒரு போனை மட்டும் ஸ்பீக்கரில் போட்டு என் பக்கம் திருப்பினார். அரும்பாவூர்க்காரர் ஒருவர், குரலில் சிரிப்பே இல்லை.

"நாலு ஏக்கருங்கம்மா. எத்தன குடை வாங்கணும்னு போடலியே?"

முதலாளி கண்ட லாபம்

தவறு எப்படி நடந்தது என்று அடுத்த இதழில் விளக்கம் போட வேண்டும் என்றார் மங்கையர்க்கரசி. சீரியல்காரர்கள் மனம் நோகும் என்றார் முதலாளி. 'வருந்துகிறோம்' என்று இரண்டு வரி வந்தது, காரணம் வரவில்லை. காரணம் வராததால், காரணம் மங்கையர்க்கரசிதான் என்று ஆனது. நான் எழுதிக்கொடுத்த விளக்கத்தை முதலாளி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"எதுக்கு சார் இது? இப்பதான் நம்ம புக்க நாலு பேரு பேசுறாங்க."

புதிய நிபுணர்

சீரியல் ஒளிபரப்பாகி, வேர்க்கடலை தின்கிற துணை ஆசிரியை பிரபலமானாள். முதலாளிக்கு யோசனை வந்தது. மங்கையர்க்கரசி பெயர் கெட்டுப்போய்விட்டது, பகுதியை நடிகையின் பெயரில் போட்டால் விற்கும் என்றார். பதிலை வழக்கம்போல மங்கையர்க்கரசி எழுதிக்கொடுத்தால் போதுமாம். எழுதிக்கொடுக்காதீர்கள், ராஜினாமாவை வீசிவிட்டு வாருங்கள், நானும் வருகிறேன் என்றேன். மங்கையர்க்கரசி அடுத்த கேள்வியை எடுத்து வைத்துக்கொண்டு, அதிகாரிக்குப் போன் போட்டபடியே சொன்னார்.

"நான் எழுதலைன்னா அந்தப் பொண்ணு நெசமாவே எழுதிடும் சார்."

தை முதல் இதழில் அந்தப் பகுதி நடிகையின் பெயரோடும் படத்தோடும் வெளிவந்தது. பதில்கள் எல்லாம் சரியாக இருந்தன.