பதினோராம் மாடி பார்க்கப் போன கதை

வீடு பார்க்கப் போவதென்றால் எங்கள் ஆட்களுக்குப் பெண் பார்க்கப் போவது மாதிரி. சொந்தங்களை விட்டுவிட்டுத் தனியாகப் போனால் வீணான கோபதாபங்கள் வரும். "எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே" என்ற பேச்சு ஆறு மாதத்துக்குத் தொலைபேசியில் ஓடும். ஆகவே எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஜெர்மனியின் வுப்பர்டாலில் மலைச்சரிவில் நின்ற பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் வீடு பார்க்க நாங்கள் நாலு பேர் போகவில்லை, ஒன்பது பேர் போனோம். எங்கள் முயலையும் கூட்டிக்கொண்டு போவோம் என்று நான் கெஞ்சினேன். அப்பா அதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை.

அதுவரை நாங்கள் இருந்தது ஆற்றங்கரைப் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில். இரண்டு அறை, மரப்பலகைத் தரை. பூனை நடந்தாலும் காட்டிக்கொடுக்கிற சாதிப் பலகைகள். கீழ்வீட்டில் ஒரு ஜெர்மன் அம்மையார் தனியாக இருந்தார். பொல்லாதவர் என்று சொன்னால் பாவம் பிடிக்கும். கிறிஸ்மஸ் வந்தால் எங்கள் கதவடியில் சாக்லேட் வைத்துவிட்டுப் போவார். ஆனால் தம்பி கட்டிலிலிருந்து குதித்தானோ, வீடு கூட்டுகிற தும்புத்தடியின் காம்பால் கீழிருந்து இடி இடியென்று இடித்துவிடுவார்.

இதில் முயலின் பங்கும் இருந்தது. அதன் பெயர் முறுக்கு. பயம் வந்தாலும் கோபம் வந்தாலும் பின்னங்காலால் தரையை ஓங்கி அடிப்பது முயல்களின் சுபாவம். கீழே இடி கேட்டதும் மேலே முறுக்கு பதில் கொடுக்கும். அவர் மறுபடி இடிப்பார், இதுவும் மறுபடி அடிக்கும். கீழ்வீட்டில் இன்னொரு பெரிய முயல் குடியிருப்பதாகவே அது நம்பியிருக்க வேண்டும். நானும் தம்பியும் வாயைப் பொத்திக்கொண்டு வயிறு நோகச் சிரிப்போம். அம்மா சிரிக்க மாட்டார். முறுக்கைத் தூக்கி மடியில் வைத்து அமுக்கிக்கொண்டு, "மெல்ல, மெல்ல" என்பார். முயலுக்குச் சொல்கிறாரா எங்களுக்குச் சொல்கிறாரா என்று தெரியாது.

எங்கள் வீட்டில் அதிகம் புழங்கிய சொல் அதுதான். மெல்ல நட, மெல்லக் கதவைச் சாத்து, மெல்லச் சிரி. மத்தியானம் ஒரு மணிக்கு மேல் கட்டடத்தில் சத்தம் போடக்கூடாத ஓய்வு நேரம் என்பதால் அம்மா சம்பல்கூட இடிக்க மாட்டார். தம்பிக்கு அப்போது நாலு வயது. அவன் எப்போதும் குதிக்கால் தரையில் படாமல் நுனிக்காலில்தான் நடப்பான். "டான்ஸ்காரன் வாறான்" என்று சித்தப்பா பகிடி பண்ணுவார். மழலைப்பள்ளி ஆசிரியை ஒருநாள் அம்மாவைக் கூப்பிட்டு, பிள்ளையின் காலை டாக்டரிடம் காட்டும்படி சொன்னார். மொழிபெயர்க்க நானும் போனேன். டாக்டர் அவன் காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, காலில் ஒரு குறையுமில்லை, இது வெறும் பழக்கம் என்றார். நல்ல செய்திதானே என்று நான் சந்தோஷமாகச் சொன்னேன். அம்மா வீடு வரும்வரை தம்பியின் நுனிக்காலையே பார்த்துக்கொண்டு வந்தார். அப்பா வேலையால் வந்ததும் வராததுமாக அம்மா, "இஞ்சேருங்கோ, நாங்கள் வேறை வீடு பாக்கவேணும்" என்றார். வீடு எங்களுக்குச் சின்னதாகிவிட்டது என்றுதான் நானும் அப்பாவும் விளங்கிக்கொண்டோம்.

அப்பா ஓர் உணவகத்தின் குசினியில் வேலை செய்தார். அங்கே கூட வேலை செய்த ஒருவர் சொல்லித்தான் அந்த உயரமான கட்டடத்தில் இரண்டு வீடு காலியாக இருப்பது தெரிந்தது. ஒன்று பதினோராம் மாடி, மற்றது தரைத்தளம். தரைத்தளத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பதினோராம் மாடி! எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. லிஃப்டில் ஏறி வீட்டுக்குப் போகிற ஆளாக நான் ஆகப்போகிறேன். அதில் பொத்தானை அழுத்துவது நானா தம்பியா என்று அன்றே சண்டை தொடங்கிவிட்டது.

வீட்டைப் பார்க்கச் சனிக்கிழமை பத்து மணிக்கு டெர்மின், அதாவது நேரம், கிடைத்தது. பத்து மணி ராகு காலம். டெர்மினை மாற்றக் கேட்டால் வீடு கை நழுவிவிடும் என்று அப்பா பயந்தார். ஆகவே ஒன்பது மணிக்கு முன்பே வீட்டை விட்டு வெளிக்கிட்டுவிட்டால் தோஷம் இல்லை என்று அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். நாங்கள் நாலு பேர், சித்தப்பாவின் குடும்பம் நாலு பேர், திசைகாட்டியுடன் அம்மாவின் அண்ணனான மாமா, எல்லோரும் ஒன்பதேகாலுக்கே கட்டட வாசலில் போய் நின்று குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள்.

நிர்வாகத்திலிருந்து வந்த பெண்மணி காரை விட்டு இறங்கி எங்களைப் பார்த்தார். அவருடைய உதடுகள் அசைந்ததில் தலைகளை எண்ணுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"நீங்கள் எல்லோருமா?" என்றார்.

அப்பாவின் ஜெர்மன் குசினியில் பழகிய ஜெர்மன். கத்தி, சட்டி, சுறுக்கா என்பதற்கு மேல் அது போகாது. ஆகவே நான்தான் முன்னுக்கு வந்து, இருக்கப்போவது நாலு பேர், மற்றவர்கள் பார்க்க மட்டும் வந்தவர்கள் என்றேன். "எதற்கு?" என்று அவர் கேட்டார். உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டார். வீடு பார்க்கச் சித்தப்பா வராமல் வேறு யார் வருவார்?

லிஃப்டில் எட்டுப் பேருக்கு மேல் ஏறக்கூடாதென்று எழுதியிருந்ததால் இரண்டு தரமாகப் போனோம். வீட்டு வாசலில் எல்லோரும் சப்பாத்தைக் கழற்றினோம். வெறும் வீட்டுக்குள் போக எதற்கு என்று அந்தப் பெண்மணி கையைக் காட்டினார். ஆனாலும் ஒன்பது சோடிச் சப்பாத்து வாசலை அடைத்துவிட்டது.

அந்த பால்கனியை எப்படிச் சொல்வது! முழு ஊரும் கீழே கிடந்தது. பள்ளத்தாக்கில் ஆற்றுக்கு மேலாகத் தொங்கு ரயில் மயிர்க்கொட்டிப் புழு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு புறா எனக்குக் கீழாகப் பறந்து போனது. புறாவுக்கு முதுகு இருக்கிறது என்பதை நான் அன்றுதான் கண்டேன். சித்தப்பாவின் பெடியன்கள் கத்தினார்கள், நானும் கத்தினேன். அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, "இதிலை ஒரு கதிரையைப் போட்டு இருந்து தேத்தண்ணி குடிக்கலாம்" என்றார். அப்பா தனக்கென்று ஓர் ஆசை சொல்லி நான் கேட்டதே குறைவு. மாமா திசைகாட்டியைத் தூக்கிப் பிடித்து, "வாசல் கிழக்கு!" என்று உள்ளேயிருந்து அறிவித்தார். முறுக்கின் கூடு பால்கனியின் எந்த மூலையில் என்பதையும் நான் தீர்மானித்துவிட்டேன்.

"முயல் கம்பிக்குள்ளாலை விழுந்திடும் பிள்ளை" என்றார் சித்தி.

"வலை அடிச்சா முடிஞ்சுது" என்றார் சித்தப்பா.

அந்த நேரம் பார்த்து நிர்வாகப் பெண்மணி, வீட்டில் பிராணிகள் உண்டா என்று கேட்டார். முயலைப் பற்றி மூச்சு விடக்கூடாதென்று அப்பா எங்களுக்கு வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். நான் மறுமொழியை யோசிக்க முன்னமே தம்பி அழகான ஜெர்மனில், "எங்களிடம் முயல் இருக்கிறது!" என்று கூவினான். மாமாவின் கை திசைகாட்டியோடு அந்தரத்தில் நின்றது.

எவ்வளவு பெரியது என்று அந்தப் பெண்மணி கேட்டார். நான் கைகளால் ஓர் எலியின் அளவைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, கூட்டில் வைக்கிற சின்னப் பிராணிக்கு அனுமதியே தேவையில்லை, நாயென்றால்தான் கேட்க வேண்டும் என்றார். அதைத் தமிழில் சொன்னதும் சித்தப்பா தம்பியைத் தூக்கித் தலைக்கு மேல் எறிந்து பிடித்தார். இனி என்ன, வீடு எங்களுக்குத்தான்!

அம்மா மட்டும் பால்கனிக்கு வரவே இல்லை. உள்ளே வெறுங்காலோடு நின்று, குதிக்காலைத் தூக்கித் தூக்கித் தரையில் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"கீழை ஆர் இருக்கினம் எண்டு கேள் பிள்ளை."

நான் கேட்டேன். வயதான தம்பதி இருக்கிறார்கள், மிகவும் அமைதியானவர்கள், இத்தனை வருடத்தில் அவர்களிடமிருந்து ஒரு சத்தம் வந்ததில்லை என்று அந்தப் பெண்மணி பெருமையோடு சொன்னார். சித்தப்பா மகிழ்ந்துபோனார். "பாத்தியளோ, கரைச்சல் இல்லாத சனம்" என்றார். அம்மாவின் முகம் மட்டும் விழுந்துவிட்டது.

"மற்ற வீட்டையும் காட்டச் சொல்லு" என்றார்.

தரைத்தளத்து வீட்டின் ஜன்னலுக்கு வெளியே ஒரு வேலியும் குப்பைத் தொட்டிகளும் தெரிந்தன. தரையில் கால் வைத்ததும் ஒரு மெல்லிய அதிர்வு. கீழே நிலவறையில் கட்டடத்தார் எல்லோரும் உடுப்புத் தோய்க்கும் மெஷின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. அம்மா நடு அறையில் போய் நின்று குதிக்காலால் குத்தினார். இன்னொரு தரம், இன்னும் பலமாகக் குத்தினார்.

"இதுக்குக் கீழை?"

"ஒருவரும் இல்லையாம். மெஷின்தானாம்."

"ஒருத்தரும் இல்லையோ எண்டு வடிவாக் கேள்."

நான் மறுபடியும் கேட்டேன். ஒருவரும் இல்லை, ஆனால் மெஷின் சத்தம் உங்களுக்குத் தொந்தரவாக இருக்கும், மன்னிக்க வேண்டும், இதனால்தான் யாரும் எடுக்கிறார்கள் இல்லை என்று அவர் சங்கடப்பட்டார். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்களுக்கு இது காணும், இது போதும்" என்றார்.

பிறகு நடந்த ரகளையில் நிர்வாகப் பெண்மணி சுவரோரமாக ஒதுங்கி நின்றார். ஆகாயத்தில் ஒரு வீடு கிடைக்கக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் யாராவது குடிபோவார்களா என்று சித்தப்பா கேட்டார். சித்தி ஜன்னலைத் திறந்து மூக்கைப் பிடித்துக் காட்டினார். மாமா திசைகாட்டியைப் பார்த்துவிட்டு அலறினார்.

"தங்கச்சி, வாசல் தெற்கைப் பாக்குது!"

"பாக்கட்டும் அண்ணை" என்றார் அம்மா. ராகு காலத்துக்காக எங்களைக் குளிரில் நிறுத்தி வைத்த அதே அம்மா.

நான் அழுதேன். நிலத்தில் குந்தியிருந்து, முழு வாசலுக்கும் கேட்கும்படி அழுதேன். அப்பா தாழ்ந்த குரலில், "பிள்ளை எவ்வளவு ஆசைப்படுது பாரும். எனக்கும் மேலைதான் பிடிச்சிருக்கு" என்றார். அம்மா என் தலையைத் தடவிக்கொண்டு, "நீங்கள் வேலைக்குப் போயிடுவியள். நாள் முழுக்க வீட்டுக்குள்ளை நிக்கிறது நானும் பிள்ளையளும்தானே" என்றார். அப்பா தரையையும் தம்பியின் கால்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நிர்வாகப் பெண்மணியிடம் போய்த் தன் குசினி ஜெர்மனில், "இது. நல்லது" என்றார். அவர் நம்ப முடியாமல் என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டே ஆமாம் என்று தலையாட்டி உறுதிசெய்தேன்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு காலை குடிபுகுந்தோம். ஜெர்மனியில் வீடு மாறுகிறவர்கள் அடுப்பு, அலுமாரி, சில வேளை மின்குமிழ் வரை கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். குசினியில் வெறும் சுவர்தான் இருந்தது. அம்மா, கூடாரம் அடித்துத் தங்கப் போகிறவர்கள் கொண்டுபோகிற சின்னக் காஸ் அடுப்பைத் தரையில் வைத்துப் பால் காய்ச்சினார். பால் பொங்கி அடுப்பையே அணைத்துவிட்டது. நல்லாப் பொங்கிவிட்டது என்று எல்லோருக்கும் திருப்தி. சித்தப்பாவும் மாமாவும் மிச்சச் சாமான்களை ஏற்றி வரப் போனார்கள்.

அம்மா அறைக் கதவுகளை எல்லாம் அகலத் திறந்துவிட்டார். கட்டியிருந்த புதுச் சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினார்.

"தம்பி, ஓடு" என்றார்.

தம்பி ஏதோ தப்புச் செய்துவிட்டவன் மாதிரி முழித்தான். பிறகு நுனிக்காலில் இரண்டு எட்டு வைத்து, திரும்பி அம்மாவைப் பார்த்தான்.

"அப்பிடியில்லை ராசா. இஞ்சை பார், இப்பிடி!"

அம்மா ஓடினார். குசினியிலிருந்து முன்னறை வரை தொம் தொம்மென்று குதிக்கால் அதிர ஓடிப்போய், சுவரில் இரண்டு கையாலும் அடித்துவிட்டுத் திரும்பி ஓடி வந்தார். மூச்சு வாங்கியது, சேலை அவிழ்ந்தது, சிரிப்பை அடக்க முடியவில்லை. கூட்டைத் திறந்துவிட்டதும் முறுக்கு பக்கவாட்டில் துள்ளித் துள்ளி அறை முழுக்கப் பாய்ந்தது. நான் பதினோராம் மாடியை மறந்து ஓடினேன். தம்பி கடைசியாக ஓடினான், முதலில் பயந்து பயந்து, பிறகு கத்திக்கொண்டு. அப்பா கதவு நிலையில் சாய்ந்து நின்று, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

திங்கட்கிழமை வகுப்பில் புது வீட்டைப் பற்றிக் கேட்டார்கள். எங்களுக்குப் பதினோராம் மாடிதான் கிடைத்தது, ஆனால் என் அம்மாவுக்கு உயரம் என்றால் பயம், பால்கனிக்கே வரமாட்டார், அதனால்தான் கீழே எடுத்தோம் என்று நான் சொன்னேன். எல்லோரும் அம்மாவுக்காக இரக்கப்பட்டார்கள். நானும் இரக்கப்பட்டேன்.