குளிசைப் போத்தலில் வந்த மண்

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, எங்கள் கோயில் பங்குத் தமிழர்கள் கோச் பஸ் பிடித்து ஸ்பெயினுக்கு யாத்திரை போனார்கள். அப்பாவும் நானும் போனோம். அம்மா லண்டன் ஆஸ்பத்திரியில் இருந்தார். தனியே படுக்க அவருக்கு எப்போதும் பயம். ஆனாலும், எனக்காக மன்றாடிவிட்டு வாருங்கள் என்று அவர்தான் எங்களை அனுப்பினார்.

மடு மாதா கோயில் மண்ணை எடுத்துவந்து நோயாளியின் நெற்றியில் பூசுவது எங்கள் மன்னார்ச் சனத்தின் வழக்கம். அந்த நினைப்பில் அப்பா, அம்மாவின் மருந்துக் குளிசைகள் தீர்ந்த வெறும் போத்தல் ஒன்றைக் கழுவிச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தார்.

ஸ்பெயினில் நாங்கள் போனது எண்ணூறு வருசத்துக்கு முந்திய ஒரு துறவிமடம். சுற்றிக் காட்டிய பெண் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை என்று என்னைத்தான் தமிழில் சொல்லவிட்டார்கள். துறவிகள் வாய் திறந்து பேசமாட்டார்களாம். உப்பு வேண்டுமென்றாலும் கையால்தான் காட்டுவார்களாம். கோயிலுக்கு இறங்கும் கல்படிகள் அவர்களின் கால்பட்டுக் குழிந்து கிடந்தன. கடைசியாக, நடுவில் இருந்த தோட்டத்தைக் காட்டி, இறந்த துறவிகளைப் பெட்டியும் பெயரும் இல்லாமல் இதற்குள்தான் புதைத்தார்கள் என்றாள்.

திரும்பிப் பார்த்தால், அப்பா அங்கே குந்தியிருந்து போத்தலை நிரப்பிக்கொண்டிருந்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"என்னவாம் பிள்ளை?"

"தோட்டமாம் அப்பா."

லண்டன் திரும்பியதும், அப்பா பின்னேரங்களில் அந்த மண்ணால் அம்மாவின் நெற்றியில் சிலுவை வரைந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நத்தார்ப் பண்டிகைக்கு முன் அம்மா போய்விட்டார். அடக்கத்தில் எல்லாரும் ஒரு பிடி மண் போட்டார்கள். அப்பா போத்தலைத் திறந்து, மிச்சத்தை அப்படியே குழிக்குள் கொட்டினார். புதைகுழி மண் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று, அதுதான் வீசிவிட்டார் என்று நினைத்தேன். என் பொய்தான் அம்மாவைக் கொன்றது.

அதற்குப் பிறகு எங்கள் வீடும் ஒரு மடம்தான். அவர் ஷிப்ட் முடிந்து வருவார். சாப்பிட்டாயா என்று கையால் கேட்பார். நான் தலையாட்டுவேன். பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சுவாமியாரிடம் மற்றப் பாவங்களெல்லாம் சொன்னேன், இதை மட்டும் சொல்லவில்லை.

எத்தனையோ வருசம் கழித்து, போன தவக்காலத்தில்தான் துணிந்து அந்தப் பொய்யை அப்பாவிடம் சொன்னேன். அவர் கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எனக்கு அண்டைக்கே விளங்கினது பிள்ளை. பெற்றோல் ஷெட்டில எத்தினை வருசம் வெள்ளைக்காரரோட கதைச்சனான், அவ்வளவும் விளங்காதே? அவ தப்பமாட்டா எண்டு டொக்டர் முதலே சொல்லிப்போட்டார்."

பிறகு அந்தப் போத்தலை ஏன் நிரப்பினீர்கள் என்று கேட்டேன்.

"கொம்மாவுக்குத் தனியப் படுக்கப் பயமெல்லே. செபிச்ச மனிசர் கொஞ்சப் பேர் பக்கத்தில கிடக்கட்டும் எண்டுதான்."